ரயில் எப்போது வரும், அக்கா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரயிலைப் பற்றித்தான். கோலாலம்பூரில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருக்கும் ஒரு பெரிய நிலையத்தில் நின்று நின்று கால் கடுத்தவர்கள் எழுதியவை. பத்தாங் காலியிலிருந்து நானும் அந்த வழியாகத்தான் போய்வருகிறேன். போன வாரம்கூட, தகரத் தடுப்புக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவில் இரண்டு முழ இடத்தில், ஒரு கையில் குடையும் மறு கையில் காய்கறிப் பையுமாக முக்கால் மணி நேரம் நின்றேன். அதனால் சமையல் சந்தேகம், சம்பந்தி மனஸ்தாபம், வேலிச் சண்டை எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு ரயில் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நிலையத்தின் பெயரை எல்லாக் கடிதத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். போகிறவர்களுக்கு எது என்று தெரியும்.

*

கேள்வி: அக்கா, எனக்கு வயது 64. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன், மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினேன். இப்போது தாமான் குடியிருப்பில் மகனோடு இருக்கிறேன். இனிப்பு நீர் இருப்பதால் கண்ணைச் சோதிக்கக் கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. போகும்போது தொந்தரவு இல்லை. திரும்பும்போது ஸ்டேஷனில் உட்கார ஒரு நாற்காலி கிடையாது, ஒலிபெருக்கியில் ஏதோ சொல்கிறார்கள், டிரில் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. போன தடவை எல்லாரும் திடீரென்று படியேறி வேறு பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள், நானும் பின்னாலேயே ஓடி வந்த ரயிலில் ஏறிவிட்டேன், அது பத்துமலைக்குப் போகிற ரயில். வீடு வந்து சேர இரவு எட்டரை. மகன் இனிமேல் ரயிலே வேண்டாம் என்கிறான். அவன் ஒவ்வொரு தடவையும் லீவு போட முடியுமா? நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் ஒரு விஷயம். உங்களுக்கு வயதாகிவிட்டதாலோ ரயில் ஏறத் தெரியாததாலோ இது நடக்கவில்லை. கண்ணின் உள்பக்கத்தைப் பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு மருந்து விடுகிறார்களே, அது கண்பாவையை விரித்துவிடும். நாலைந்து மணி நேரத்துக்கு, சிலருக்கு அதற்கும் மேலே, பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணோடு மின்பலகையில் ஓடுகிற சிவப்பு எழுத்தைப் படிக்கச் சொன்னால் இருபது வயதுப் பிள்ளைக்கும் முடியாது. அந்தப் பக்கம் டிரில் சத்தத்தில் காதும் போய்விட்டது. கண்ணும் காதும் இல்லாமல் கூட்டம் ஓடுகிற பக்கம் ஓடினீர்கள், வேறு என்ன செய்திருக்க முடியும்?

ஆகவே அடுத்த தடவை பலகையை நம்பி நிற்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் கௌண்டரிலோ கேட் பக்கம் நிற்கும் ஊழியரிடமோ போய், கண்ணுக்கு மருந்து விட்டிருக்கிறது, தஞ்சோங் மாலிம் ரயிலில் என்னை ஏற்றிவிட வேண்டும் என்று மலாயில் தெளிவாகச் சொல்லுங்கள். நம்மூர் வழியாகப் போகிற ரயில் கடைசியில் போய் நிற்கிற ஊர் அது. "தஞ்சோங் மாலிம்" என்ற பெயரைச் சொல்ல வேண்டும், பத்தாங் காலி என்று மட்டும் சொன்னால் சில சமயம் பத்துமலை என்று காதில் விழுகிறது, எனக்கே நடந்திருக்கிறது. சொல்லிவிட்டு அவர் கண்ணில் படுகிற மாதிரியே நில்லுங்கள். அந்தக் கூட்டத்தில் நாம் கேட்காமல் யாரும் நம்மைத் தேடி வரமாட்டார்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்கவும் மாட்டார்கள்.

அப்புறம் இந்தப் பத்துமலை விஷயம், மற்றவர்களும் கவனியுங்கள். நகரத்தின் நடுவில் கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா ஆகிய மூன்று நிலையங்களிலும் இரண்டு ரயிலும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. புத்ராவைத் தாண்டிய பிறகுதான் பிரிகின்றன, ஒன்று செந்தூல் வழியாகப் பத்துமலைக்கு, மற்றது செகாம்புட், கெப்போங் வழியாக ரவாங்குக்கும் நம் பக்கத்துக்கும். தவறி ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தால் பதற வேண்டாம், புத்ராவுக்குள் எங்கே நின்றாலும் இறங்கிவிட்டால் அடுத்து வருகிற தஞ்சோங் மாலிம் ரயிலைப் பிடித்துக்கொள்ளலாம். செந்தூலுக்கே போய்விட்டால் எதிர்ப்பக்க ரயிலில் புத்ராவுக்குத் திரும்பி வர வேண்டியதுதான். ஏறுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் தெரியாமலே தலையாட்டிவிடுவார், அதற்குத்தான் இரண்டு பேர்.

உங்களுக்கு இனிப்பு நீர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இனிப்பு நீர் மருந்தைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். ரயில் வந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பையில் ரொட்டியோ பிஸ்கட்டோ இருக்கட்டும், கூடவே ஒரு சின்னப் பொட்டலம் மிட்டாய், ஒரு போத்தல் தண்ணீர். வெயிலுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கும்போது காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், மதியமே திரும்பினால் அலுவலகம் விட்டு வருகிற கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மகனுக்கு நான் சொல்வது: தம்பி, அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மைகார்டு அடையாள அட்டையைக் காட்டினால் கொமுட்டர் என்கிற இந்தப் புறநகர் ரயிலில் பாதிக் கட்டணம்தான். முப்பது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் வெட்டப் போனவருக்குப் பயணம் போகத் தெரியாதா? லீவு போட வேண்டாம், ரயில் ஏறியதும் அம்மா உனக்கு ஒரு போன் போடட்டும், நீ நம் ஸ்டேஷனில் மோட்டாரோடு நின்றால் போதும். அவரை வீட்டோடு உட்கார வைத்துவிடாதே.

*

கேள்வி: நான் கோலாலம்பூரில் கல்லூரிப் படிப்பு, தினமும் போய்வருகிறேன். ஒரு நாள் 2ஆம் பிளாட்பாரம், மறுநாள் 4ஆம் பிளாட்பாரம், கடைசி நிமிஷத்தில் மாற்றுகிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்? பேசாமல் மொத்த நிலையத்தையும் ஆறு மாதம் மூடிவிட்டு ஒரே மூச்சில் கட்டக்கூடாதா?

பதில்: தம்பி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நீ சொல்கிற அந்த ஆறு மாதம் கல்லூரிக்கு எப்படிப் போவாய்? மூடினால் நம் மாதிரி ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் அடி விழும். பெட்டாலிங் ஜெயாவில் இருப்பவனுக்கு எல்ஆர்டி நகர ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது. நமக்கு இந்த ஒரு பாதைதான்.

ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாதையைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இரண்டு தண்டவாளத்தில் ஒன்றை மூடிவிட்டு மற்றதில் போகிற ரயிலையும் வருகிற ரயிலையும் மாறி மாறி விடுவார்கள். தோட்டத்து ஒற்றைப் பாலத்தை நினைத்துக்கொள். எதிரே லாரி வந்தால் நீ இந்தப் பக்கமே நிற்க வேண்டும், அது முழுவதும் கடந்த பிறகுதான் நீ ஏறலாம். ரயிலுக்கு அந்தப் பாலம் சில கிலோமீட்டர் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு ரயில் பத்து நிமிஷம் தாமதமானால் எதிர்ப்பக்கம் காத்திருக்கிற ரயிலும் அதே அளவு தாமதமாகும், அதன் பின்னால் வருவதும் அப்படியே. இடையில் ஈப்போ பக்கமிருந்து வருகிற இடிஎஸ் என்கிற தூரப் பயண ரயிலுக்கும் வழிவிட வேண்டும். எந்தத் தண்டவாளம் காலியாகும் என்பது கடைசி நேரத்தில்தான் முடிவாகிறது, அதனால்தான் பிளாட்பாரமும் கடைசி நேரத்தில் மாறுகிறது.

புதிதாகப் போட்ட பாதையிலும் உடனே வேகமாக ஓட்ட முடியாது. தண்டவாளத்துக்குக் கீழே கொட்டுகிற ஜல்லி, ரயில்கள் ஏறி ஏறி இறுகினால்தான் நிலையாக நிற்கும், அதுவரை வேகக் கட்டுப்பாடு இருக்கும். வேலை முடிந்த இடத்தில்கூட ரயில் ஊர்ந்து போகிறதே என்று நீ எரிச்சல்படுவது அதனால்தான். சமிக்ஞைக் கம்பியில் உள்ள செம்புக்காக அதை வெட்டித் திருடுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். அப்படி ஒரு இடத்தில் கம்பி போய்விட்டால் விளக்கு வேலை செய்யாது, ஒவ்வொரு ரயிலையும் நிறுத்தி நிறுத்தித்தான் அனுப்ப வேண்டும். சாயங்கால மழையில் மின்னல் விழுந்தாலும் இதே கதி.

இதையெல்லாம் சொல்லிவிட்டேன் என்பதற்காக நடப்பது எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. பிளாட்பாரம் மாறுவதைத் தடுக்க முடியாமல் இருக்கலாம், ஆனால் மாறப்போகிறது என்பதை ஐந்து நிமிஷம் முன்னால் சொல்ல முடியும். அந்த ஐந்து நிமிஷம் டிரில்லை நிறுத்தச் சொல்ல முடியும். அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று தெரிந்தால் அந்த வயதான அம்மா வெளியே போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கழிவறைக்குப் போய்விட்டு, நிம்மதியாக வருவார். "இதோ வரும்" என்று நிற்க வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ படித்த பிள்ளை, எழுதத் தெரிந்தவன். தேதி, நேரம், பிளாட்பாரம் எண்ணைக் குறித்து முறையாகப் புகார் எழுது. கோபத்தைக் காட்டாமல், எத்தனை மணிக்கு என்ன அறிவித்தார்கள், எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று மட்டும் எழுது. அப்படி இருபது கடிதம் ஒரே மேசைக்குப் போனால் ஒருவராவது எடுத்துப் பார்ப்பார்.

*

கேள்வி: ஐம்பது வெள்ளிக்கு மாதம் முழுக்கப் போகலாம் என்கிற மை50 பாஸ் வாங்கினேன். கொமுட்டர் கேட் திறக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை ஐயா. அந்தப் பாஸ் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பேருந்துகளுக்கு 30 நாள் செல்லும். கொமுட்டர் வேறு நிர்வாகம், அங்கே செல்லாது. கோலாலம்பூருக்குள் தினம் இரண்டு மூன்று இடம் அலைகிறவருக்கு அது லாபம், நம்மூரிலிருந்து போய் ஒரே இடத்தில் வேலை பார்த்துத் திரும்புகிறவருக்குத் தேவையே இல்லை.

*

கேள்வி: தைப்பூசத்துக்குக் கொண்டுபோன காவடியின் அலுமினியக் கம்பிகளைப் பிரித்து, பத்துமலையிலிருந்து ரயிலிலேயே எடுத்து வரலாமா?

பதில்: சின்னக் கட்டாகக் கட்டி, கூட்டம் குறைந்த பிறகு, நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொண்டு வாருங்கள். ஆனால் பிளாட்பாரத்தில் தோளில் நிமிர்த்திப் பிடிக்கவே கூடாது, படுக்கை வாட்டமாக இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தலைக்கு மேலே ஓடுகிற கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே தாவும். செம்பனைக் குலை வெட்டுகிற நீளக் கம்பத்தை மின்கம்பிக்குக் கீழே தூக்காதே என்று தோட்டத்தில் மண்டோர் கத்துவாரே, அதே விஷயம்தான். பிள்ளைகள் கையில் மினுமினுக்கிற பலூன் வாங்கிக் கொடுத்திருந்தால் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்னால் காற்றைப் பிடுங்கிவிடுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

*

கேள்வி: பிளாட்பாரத்தில் நமக்கே நிற்க இடமில்லை, இதில் கட்டுமான வேலை செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் மத்தியானத்தில் அட்டையைப் போட்டுப் படுத்துத் தூங்குகிறார்கள். பெண்கள் எப்படி அந்தப் பக்கம் போவது? அவர்களை வெளியே அனுப்பச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும்.

பதில்: எழுத மாட்டேன் தங்கச்சி. கோபித்துக்கொள்ளாமல் கேள்.

தண்டவாள வேலையில் பெரும்பகுதி கடைசி ரயில் போன பிறகுதான் நடக்கும், நள்ளிரவுக்கு மேல் ஆரம்பித்து விடியற்காலை முதல் ரயிலுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். மேலே கம்பியில் மின்சாரத்தை நிறுத்த அந்த நேரம்தான் கிடைக்கும். நாம் மத்தியானத்தில் பார்க்கிற தூக்கம் ராத்திரி முழுக்க இரும்பு தூக்கியவனின் தூக்கம். அவனுக்கு ஓய்வெடுக்க ஒரு அறை கொடுத்திருந்தால் அட்டையில் ஏன் படுக்கிறான்?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது, அடுத்த வருஷம் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம். அந்தக் காலத்தில் காட்டை வெட்டி மண்ணைக் கொட்டிக் கட்டையை அடுக்கியவர்களில் தமிழர்கள் எத்தனை பேர்! செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலும் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் யார்? 1942, 43இல் ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். என் பாட்டியின் அண்ணன் ஒருவர் அப்படிப் போனவர், திரும்பவில்லை. பாட்டி கடைசி வரைக்கும் ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்பார். தண்டவாளப் பக்கத்தில் களைத்துப் படுத்திருக்கும் ஒரு கூலிக்காரனைத் துரத்தச் சொல்லி என் கையால் எப்படி எழுதுவேன்?

உன் பயம் பொய் என்று சொல்லவில்லை. யாராவது தகாத பார்வை பார்த்தால், ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால், அது எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் காவலுக்கு நிற்கிற ஜாகாவிடம் உடனே சொல். தூங்குகிறவனைப் பற்றி அல்ல. நாம் கேட்க வேண்டியது பெஞ்சு. வேலைக்காக எடுத்துப் போட்ட நாற்காலிகளில் பத்தையாவது திரும்பக் கொண்டு வந்து போடு, அவர்கள் படுக்க நிழலில் ஒரு கொட்டகை கட்டு. இதைக் கேட்டு எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

தடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றைக் கவனி, தரையில் மேடு மேடாக மஞ்சள் கல் பதித்திருக்கிறார்களே, அது பார்வையற்றவர்கள் கம்பால் தடவிப் பார்த்துப் போகிற வழி. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் சங்கம் இருப்பதால் அந்த வட்டாரத்து நிலையங்களில் அவர்கள் நிறையப் பேர் போய்வருகிறார்கள். இடம் நெருக்கடியாக இருக்கிறது என்று நாம் பையையும் பெட்டியையும் அந்தக் கல்லின் மேல் வைத்துவிடுகிறோம். போன வாரம் என் காய்கறிப் பையில் ஒருவரின் கம்பு தட்டியது, அன்றிலிருந்து நான் வைப்பதில்லை.

*

கேள்வி: அக்கா, பேரங்காடியில் வேலை, ஒன்பது மணிக்கு மேல்தான் விடுகிறார்கள். விளக்குப் பாதி எரியாத பிளாட்பாரத்தில் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. எனக்கு 19 வயது.

பதில்: தங்கம், கேட்டுக்குள் உடனே நுழையாதே. ரயில் நேரம் நெருங்கும் வரை கடை, கௌண்டர், வெளிச்சம் இருக்கிற மேல்தளத்திலேயே நில், ஊழியரிடம் எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டுக்கொண்டு அப்புறம் இறங்கு. கீழே போனதும் பிளாட்பாரத்தின் நடுப்பகுதிக்குப் போ. கொமுட்டரில் 2010 ஏப்ரலிலிருந்து பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது, ஆறு பெட்டி ரயிலில் நடுவில் வருகிற பெட்டிகள் அவை, இளஞ்சிவப்பு அடையாளம் இருக்கும். அங்கே காத்திருக்கிற மற்ற பெண்களும் அந்த இடத்தில்தான் நிற்பார்கள், அவர்களோடு சேர்ந்து நின்றுகொள். முகம் தெரிந்ததும் பேசிப் பழகிக்கொள். ரவாங் தாண்டிய பிறகு பெட்டி காலியாகிவிடும், அப்போது நம்மூர் வரைக்கும் வருகிற ஒருவர் தெரிந்திருந்தால் எவ்வளவோ தைரியம். கடைசி ரயிலை மட்டும் நம்பி வராதே, அதற்கு முந்தினதைப் பிடிக்கிற மாதிரி வேலையிடத்தில் இருபது நிமிஷம் முன்னால் விடச் சொல்லிக் கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் அம்மாவைக் கொண்டு ஒரு கடிதம் எழுதிக் கொடு. விளக்கு எரியாத இடத்தைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு, அதைப் புகாரோடு சேர்க்கலாம்.

*

கேள்வி: எனக்கு 71. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் மெயிலில் ஏறிய அந்தப் பழைய வெள்ளை ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா? ரயில் நிற்கிறதா? பேத்திக்குக் காட்ட ஆசை.

பதில்: இருக்கிறது ஐயா, அப்படியே இருக்கிறது. 1910இல் திறந்தது, ஹப்பக் என்ற வெள்ளைக்கார அதிகாரி வரைந்த கட்டடம், அந்தக் குமிழ்க் கோபுரங்களும் வளைவுகளும் போகவில்லை. எதிரே உள்ள ரயில்வே தலைமை அலுவலகமும் அவர் வரைந்ததுதான், 1917. 2001இல் கேஎல் சென்ட்ரல் வந்த பிறகு தூரப் பயண ரயில்களுக்கு அதுவே முக்கிய நிலையமாகிவிட்டது, ஆனால் கொமுட்டர் இன்னும் பழைய நிலையத்தில் நின்றுதான் போகிறது. பெயர் "கோலாலம்பூர்" என்றே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், அலுவலகக் கூட்டம் இருக்காது. பத்தாங் காலியில் ஏறினால் வேறு ரயில் மாற வேண்டாம், நேராக அங்கேயே இறங்கலாம். கொஞ்ச நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அந்தப் பெரிய கூரையைப் பேத்திக்குக் காட்டுங்கள், அப்பா எந்தப் பக்கம் பெட்டியை வைத்தார், எங்கே நின்று கையாட்டினார் என்று நினைவிருப்பதை எல்லாம் சொல்லுங்கள். அங்கிருந்து நடைபாலத்தில் போனால் பசார் செனி, பேத்திக்குக் களைத்தால் அந்தப் பக்கம் பசியாறக் கடைகள் இருக்கின்றன. திரும்பி வரும்போது முதலில் வருகிற ரயிலில் ஏறிவிடாதீர்கள். நெற்றியில் தஞ்சோங் மாலிம் என்று போட்டிருக்கிறதா என்று பேத்தியைப் படிக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.